தூதரகங்களில் ஆள் போதவில்லை, அவதிப்படுவது சாமானியர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது முதல், ரயில்வே, அஞ்சல், பாதுகாப்பு எனப் பல துறைகளின் ஊழியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்து வருகின்றன. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அந்தக் குழுவுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இந்த வேளையில் ஒரு துறையின் குரல் மட்டும் பொதுவெளியில் கேட்கவே இல்லை. வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்களில் பணியாற்றுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள், வேலைநிறுத்தம் செய்யாதவர்கள், எந்தத் தொகுதியிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க முடியாதவர்கள். வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்நிலைப் பணிகளில் சேர்ந்து, தூதரகங்களின் நிர்வாகப் பிரிவிலும் தொழிலாளர் நலப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவர்களுக்காகச் சில செய்திகளைத் தமிழ் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நானும் ஓய்வூதியம் பெறுகிறவன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் என் முதன்மையான கோரிக்கை ஊதியத்தைப் பற்றியது அன்று. ஆள் எண்ணிக்கையைப் பற்றியது.

வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் அளித்த அறிக்கையில், இந்திய வெளியுறவுப் பணியின் அதிகாரிகள் மொத்தம் 1,011 பேர் என்ற கணக்கு இருக்கிறது. அவர்களில் 667 பேர் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் 334 பேர் டெல்லித் தலைமையகத்திலும் இருந்தனர். மக்கள்தொகையில் உலகின் முதல் நாடாகிவிட்ட நாம், ஏறத்தாழ இருநூறு தூதரகங்களையும் துணைத் தூதரகங்களையும் இந்த 667 பேரைக் கொண்டு நடத்துகிறோம். சராசரி போட்டுப் பார்த்தால் ஓர் இடத்துக்கு மூன்று, நான்கு பேர். வாஷிங்டன், லண்டன் போன்ற பெரிய தூதரகங்களுக்கு அதிகம் பேர் தேவைப்படுவதால், சிறிய நாடுகளில் தூதரையும் சேர்த்து இரண்டு, மூன்று அதிகாரிகள் மட்டுமே மிஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் வெளியுறவுப் பணியில் இதே நிலையில் உள்ள அதிகாரிகள் ஏறத்தாழ 8,000 பேர். சீனாவோ தூதரகங்களின் எண்ணிக்கையில் 2019-லேயே அமெரிக்காவை முந்திவிட்டது.

ஆண்டுதோறும் எத்தனை பேரைப் புதிதாக எடுக்கிறோம்? குடிமைப் பணித் தேர்வின் வழியே வெளியுறவுப் பணிக்கு 2022-ஆம் ஆண்டுத் தேர்வில் 38 இடங்களும் 2023-இல் 37 இடங்களும் ஒதுக்கப்பட்டன. அதே தேர்வுகளில் ஐஏஎஸ் பணிக்கு 180, ஐபிஎஸ் பணிக்கு 200. 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் வெளியுறவுப் பணிக்கு 55 ஆனது. அந்த உயர்வை மனதார வரவேற்கிறேன். ஆனால் இன்று சேர்கிறவர் பயிற்சி முடித்து, தமக்கு ஒதுக்கப்பட்ட அயல்மொழியைக் கற்று, ஒரு தூதரகத்தில் தனிப்பொறுப்பை நம்பி ஒப்படைக்கும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மூத்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டே இருப்பார்கள். ஓராண்டு இடங்களைக் கூட்டி மறு ஆண்டு குறைத்தால், அந்தப் பள்ளம் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து நடுநிலை அதிகாரிகள் இல்லாத குறையாக வெளிப்படும்.

புதிய தூதரகங்களைத் திறப்பதில் நமக்கு இருக்கும் ஆர்வம், அவற்றுக்கு ஆள் நியமிப்பதில் இல்லை. ஆப்பிரிக்காவில் 18 புதிய தூதரகங்களைத் திறக்க 2018 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அக்கண்டத்தில் நம் தூதரகங்கள் 29-இலிருந்து 47 ஆக உயர வேண்டும் என்பது திட்டம். ருவாண்டா, ஜிபூட்டி, டோகோ, லைபீரியா என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. திட்டம் நல்லதே. ஆனால் ஒரு தூதரகத்தைத் திறப்பதென்றால் கட்டடம், பாதுகாப்பு, கணக்கு, சங்கேதத் தகவல் தொடர்பு, விசா, கடவுச்சீட்டு என ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். பணியாளர் தொகுதியை அதற்கேற்பப் பெருக்காமல் புதிய அலுவலகங்களைத் திறந்தால், ஏற்கெனவே இருக்கும் அலுவலகங்களிலிருந்துதான் ஆளை எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்கும்போது முதலில் மெலிவது அரசியல் பிரிவோ வணிகப் பிரிவோ அன்று. தொழிலாளர் நலப் பிரிவுதான். அங்கே வந்து காத்திருப்பவர்கள் கேள்வி கேட்கத் தெரியாத எளிய மக்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தூதரகம் என்றதும் விருந்து, கொடி கட்டிய கார், உயர்தர உடை என்ற சித்திரம்தான் பலருக்கும் மனத்தில் எழுகிறது. வளைகுடா நாட்டுத் தூதரகம் ஒன்றில் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சித்திரம் நிலைக்காது. வேலைக்கு அழைத்துப் பொறுப்பேற்ற உள்ளூர் முதலாளியான கஃபீல் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் ஊருக்குப் போக 'அவுட்பாஸ்' எனப்படும் அவசரச் சான்றிதழுக்கு வந்தவர். ஏழெட்டு மாதச் சம்பளம் வராமல் நிறுவனம் மூடப்பட்டுவிட்டதால் முகாமில் உள்ள அனைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்தவர். வீட்டு வேலைக்கு வந்து அடி தாங்காமல் இரவோடு இரவாக ஓடிவந்து தூதரகக் காப்பகத்தில் தங்கியிருக்கும் பெண். இவர்கள் ஒவ்வொருவருடைய வழக்கும் காவல் நிலையம், தொழிலாளர் நீதிமன்றம், குடிவரவு அலுவலகம் என்று பல படிகள் ஏறி இறங்கியாக வேண்டும். ஒரு படிக்கு ஒரு முழு நாள் போய்விடும். பிரிவில் இருப்பவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மிகுதியாகத் தவிப்பது இதில்தான். மருத்துவமனையின் இறப்புச் சான்று, காவல்துறை அறிக்கை, வேலை தந்தவரின் கடிதம், ஊரிலுள்ள குடும்பத்தினரின் சம்மதக் கடிதம், கடவுச்சீட்டை ரத்து செய்தல், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, விமான நிறுவனத்தின் முன்பதிவு என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். இயற்கை மரணமாக இல்லாமல் விபத்தாகவோ தற்கொலையாகவோ இருந்துவிட்டால் விசாரணை முடியும்வரை எதுவும் நகராது. குவைத்தின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 அன்று நடந்த தீவிபத்தில் தமிழகத்தைச் சேர்ந்த 7 பேர் உட்பட இந்தியர்கள் 45 பேர் இறந்தபோது, இரண்டே நாளில் விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. நாடே கவனித்ததும், ஒன்றிய அமைச்சர் ஒருவரே நேரில் சென்றதும், தூதரகத்தின் முழு ஆற்றலும் அந்த ஒரு வேலையில் குவிக்கப்பட்டதும் அந்த வேகத்துக்குக் காரணம். எந்தச் செய்தியிலும் இடம்பெறாமல், மாரடைப்பால் தனியாக ஓர் அறையில் இறந்துபோகும் கட்டடத் தொழிலாளிக்கும் அதே வேகம் கிடைக்க வேண்டுமென்றால், அதற்கு நிரந்தரமான ஆள்பலம் வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் நம் மக்கள் 2024-ஆம் ஆண்டில் தாயகத்துக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. இப்பணத்தில் பெரும்பங்கை உழைத்து அனுப்புகிறவர்களைக் கவனிக்க வேண்டிய வெளியுறவு அமைச்சகத்துக்கு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது 20,516 கோடி ரூபாய். மொத்தச் செலவான 50.65 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் நூறு ரூபாயில் நாற்பது காசு. அந்த நாற்பது காசிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அண்டை நாடுகளுக்கும் பிற நாடுகளுக்குமான உதவியாகப் போய்விடுகிறது. பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. அந்த உதவிகள் தேவையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் தொகையில்தான் உலகெங்கும் உள்ள நம் அலுவலகங்களின் வாடகையும் ஊதியமும் பாதுகாப்பும் நலப்பணிகளும் அடங்க வேண்டும் என்பதை மட்டும் வாசகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ராஜதந்திரப் பணி எதைச் சாதிக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழகத்திலிருந்தே பதில் சொல்லலாம். 2011-இல் கைது செய்யப்பட்ட ராமேசுவரம் பகுதி மீனவர்கள் ஐவருக்குப் போதைப்பொருள் கடத்தல் வழக்கில் 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மூன்று வாரங்களுக்குள், நவம்பரில், இலங்கை அதிபரின் பொதுமன்னிப்பில் அவர்கள் விடுதலையாயினர். டெல்லியின் அரசியல் முயற்சி ஒருபுறம் இருக்க, மேல்முறையீட்டு வேலைகளைப் பார்த்ததும் சிறையில் தொடர்ந்து சந்தித்ததும் தூதரக அலுவலர்கள்தாம். ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில் 2014 ஜூனில் கடத்தப்பட்ட தமிழகத்துப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் எட்டு மாதங்களுக்குப் பின் 2015 பிப்ரவரியில் மீட்கப்பட்டார். உக்ரைன் போரின்போது 2022-இல் 'ஆபரேஷன் கங்கா' வழியே ஏறத்தாழ 22,500 பேர் தாயகம் திரும்பினர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், தமிழக மாணவர்களும் ஏராளம். அடுத்த ஆண்டு சூடானிலிருந்து ஏறத்தாழ 3,800 பேரை மீட்ட நடவடிக்கைக்குக் காவிரியின் பெயரையே வைத்தார்கள். இப்படிப்பட்ட நெருக்கடியின்போது அக்கம்பக்கத்து நாடுகளில் உள்ள தூதரகங்களிலிருந்து அலுவலர்களைத் திரட்டி எல்லைகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் விட்டு வந்த மேசைகளில் அந்த நாள்களில் வேறு யாரும் உட்காருவதில்லை.

யாழ்ப்பாணத்தில் 2010-இல் துணைத் தூதரகம் திறக்கப்பட்டதன் பயனையும் இங்கே சொல்ல வேண்டும். நம் மீனவர்கள் கைதாகும்போது சிறையில் போய்ப் பார்க்கவும், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யவும், குடும்பத்துக்குச் செய்தி சொல்லவும் அருகிலேயே ஓர் அலுவலகம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கடலோர மாவட்டத்துக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். சிறையிலுள்ள தன் நாட்டவரைச் சந்திக்கும் உரிமையைத் துணைத் தூதரக உறவுகளுக்கான 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த, சிறைக்கு நேரில் போக ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆளுக்குக் கைதியின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இந்தியும் ஆங்கிலமும் அறியாத தமிழ்த் தொழிலாளி, தன் துயரத்தை நண்பர் ஒருவரின் மொழிபெயர்ப்பில் பாதியும் சைகையில் மீதியுமாகச் சொல்லிவிட்டுப் போவதைப் பலமுறை பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். தமிழர் மிகுதியாக வேலை செய்யும் நகரங்களின் தொழிலாளர் நலப் பிரிவுகளில் தமிழறிந்த பணியாளர் ஒருவரேனும் எப்போதும் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே ஆக்க வேண்டும்.

இனி ஊதியத்துக்கும் சலுகைகளுக்கும் வருகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தரப்படும் வெளிநாட்டுப் படியைப் பார்த்துவிட்டு இவர்கள் செல்வத்தில் புரள்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் படி அந்த நகரத்தின் விலைவாசியைச் சமாளிப்பதற்காகத் தரப்படுவது. ஓய்வூதியக் கணக்கில் அது சேராது. டெல்லிக்கு மாற்றலானதும் நின்றுவிடும். அடிப்படை ஊதியம் மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ளதே. குடிமைப் பணியில் நுழையும் அதிகாரிக்கு மாதம் 56,100 ரூபாய், உதவிப் பிரிவு அலுவலருக்கு 44,900 ரூபாய். வேறு துறையில் இதே ஊதியம் பெறுகிறவருடைய மனைவியோ கணவரோ வேலைக்குப் போக முடியும். வெளியுறவுப் பணியில் இருப்பவரின் துணைவருக்கோ, துணைவர் வேலை செய்ய அனுமதிக்கும் உடன்படிக்கை இல்லாத நாடுகளில், சட்டப்படி வேலை செய்யவே முடியாது. இரண்டு சம்பளத்தில் வாழும் இக்காலத்துக் குடும்பங்களில், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறும் ஒருவருக்காக மற்றவர் தம் வாழ்நாள் தொழிலைக் கைவிடுகிறார். அந்த இழப்பு எந்த ஊதியப் பட்டியலிலும் வருவதில்லை.

பிள்ளைகளின் படிப்பு அடுத்த கவலை. இந்தியாவுக்கு வெளியே கேந்திரிய வித்யாலயா காத்மாண்டு, மாஸ்கோ, டெஹ்ரான் ஆகிய மூன்று நகரங்களில்தான் உள்ளது. மற்ற இடங்களில் நம் பாடத்திட்டம் கிடைக்குமா என்பது அந்தந்த ஊரைப் பொறுத்தது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவே மாற்றல் உத்தரவு வந்தால், குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு நாட்டில் குடித்தனம் நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கடின வாழ்நிலை உள்ள ஊர்களில் தரமான மருத்துவமனையும் இருக்காது. பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ வேறு நாட்டுக்குத்தான் போக வேண்டும். கடின நிலையங்களுக்கான படியையும் பிள்ளைகளுக்கான கல்வி உதவியையும் விலைவாசியோடு தானாகவே உயரும்படி அமைத்தால், ஒவ்வொரு முறையும் கோப்பு எழுதிக் காத்திருக்கும் நிலை மாறும். துணைவர்களின் வேலைக்கான உடன்படிக்கைகளை மேலும் பல நாடுகளோடு செய்துகொள்ள அரசுக்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.

பெண் அதிகாரிகளுக்கு இந்தப் பணி எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னையில் படித்து, 1949-இல் இப்பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசின் அனுமதி பெற வேண்டும், வேண்டுமானால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றிருந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியின் ஆணாதிக்கப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். விதி போய்விட்டது. ஆனால் மாற்றல், குழந்தை வளர்ப்பு, துணைவரின் தொழில் ஆகிய மூன்றும் சேர்ந்து இன்றும் திறமையான பெண்களை இந்தப் பணியை விரும்பத் தயங்க வைக்கின்றன. சலுகைகளை மேம்படுத்துவது இந்தக் காரணத்துக்காகவும் அவசரம்.

உயிராபத்தும் இப்பணியோடு பிறந்தது. 1984-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நம் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே கடத்திக் கொல்லப்பட்டார். 2008 ஜூலை 7 அன்று காபூல் தூதரக வாசலில் நடந்த குண்டுவெடிப்பில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் வெளியுறவுப் பணி அதிகாரி வெங்கடேஸ்வர ராவும் பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் காவல் பணியில் இருந்த வீரர்களும் இருந்தனர். இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் அவர்களோடு வேலை செய்யும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் போதிய காப்பீடு இருக்கிறதா, இறந்தால் குடும்பத்துக்கு வீடும் வேலையும் உறுதியா என்பவற்றை ஊதியக் குழு தனியாகவே ஆராய வேண்டும்.

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். தூதரகங்களில் எளியவர்களை அலட்சியமாக நடத்தும் அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் கூடுதல் ஊதியம் என்ற மக்களின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆகவே நான் கேட்பது மேல்மட்டத்துக்குச் சலுகையைக் கூட்டுவதன்று. தூதர் மாளிகைகளுக்கு இன்னும் செலவு செய்யுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. நாள் முழுதும் வரிசையைச் சமாளிக்கும் உதவிப் பிரிவு அலுவலர், எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், உள்ளூரில் அமர்த்தப்பட்ட ஒப்பந்த ஊழியர் ஆகியோரின் ஊதியமும் எண்ணிக்கையும் முதலில் உயர வேண்டும். புகாரை விசாரிக்கும் முறையும் அதோடு சேர்ந்தே கடுமையாக வேண்டும். கடல் சட்டம், இணையப் பாதுகாப்பு, வணிகப் பேச்சு போன்ற துறைகளுக்கு வெளியிலிருந்து வல்லுநர்களை எடுப்பதையும் நான் எதிர்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரியால் திருப்பூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் வணிகப் பேச்சின் நுட்பம் அறிந்தவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்படி வருகிறவர்களைக் காட்டி நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிடக் கூடாது.

தமிழகத்திலிருந்து மக்களவைக்கு 39 உறுப்பினர்களும் மாநிலங்களவைக்கு 18 உறுப்பினர்களும் செல்கிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை வரும்போது அவர்கள் கட்சி வேறுபாடின்றி மூன்று கேள்விகளை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலும் தொழிலாளர் நலப் பிரிவுகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? அவற்றில் இன்று காலியாக உள்ளவை எத்தனை, எவ்வளவு காலமாக? அப்பிரிவுகளில் தமிழறிந்த பணியாளர் எத்தனை பேர்? மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் தன்னிடம் வரும் மனுக்களைத் தொகுத்து, எந்தத் தூதரகத்தில் எத்தனை நாள் தாமதம் ஆகிறது என்ற விவரத்தை ஊதியக் குழுவுக்கு நேரடியாக அனுப்பலாம். உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் பதில்களைத் தூதரக வாரியாக முழுமையாக வெளியிடுமாறு தங்கள் நாளிதழைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தூதரகப் பணியாளர் ஒருவர்